பன்னிரண்டு மணி நான்கு நிமிடம்

எல்லாம் எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பதில் சந்தேகம்தான், ஐயா. வெள்ளிக்கிழமை என்பது நிச்சயம். பிரசவ அறையில் மின்விசிறி ஓடியதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்படும் பிள்ளைகளில் பாதி என் கையில் விழுந்தவை. ஒவ்வொன்றையும் நினைவில் வைக்க முடியுமா?

பதினொன்றரைக்கு மாரிசெல்வியின் கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்துவிட்டது. வெளியே அவள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், பன்னெண்டு வரைக்கும் ராகுகாலம். மூத்தது ராகுகாலத்துல பொறந்து எட்டே நாள்ல போயிட்டு. இதையாவது காப்பாத்திக் குடுங்க."

"புள்ள என்ன ஒங்க மவன் ஓட்டுத தறியாம்மா, சுவிட்ச அமத்தி நிப்பாட்ட?"

"நீங்க நெனச்சா நிக்கும்."

டாக்டர்களிடம் இப்படிச் சொல்வார்கள். என்னிடம் யாரும் சொன்னதில்லை.

பதினொன்று நாற்பதுக்குத் தலை தெரிந்தது. மாரிசெல்வியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கால்களைச் சேர்த்து, உள்ளங்கையால் தலையைத் தாங்கினேன். தாங்கினேன் என்றுதான் சொல்வேன். முக்காதே, வாயால் ஊது என்றேன்.

"முடியல சிஸ்டர். நல்ல நேரம் வேண்டாம், புள்ள போதும். விட்டுருங்க."

வலியில் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அனுபவம்.

குழந்தையின் இதயத் துடிப்பை அடிக்கடி பார்த்தேன். நூற்றிருபது, தொண்ணூறு, எழுபது. ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே குறிக்கும்படி இளைய நர்ஸ் சாஜிதா பானுவிடம் சொன்னேன். டாக்டரைக் கூப்பிடவா என்றாள். வேண்டாம் என்றேன். வந்தால் ஆயுதம் போட்டு ராகுகாலத்திலேயே எடுத்துவிடுவார்.

முள் பன்னிரண்டைத் தொட்டது. கடிகாரம் முந்தி ஓடுகிறதோ என்ற ஐயத்தில் மேலும் நான்கு நிமிடம் கையை எடுக்கவில்லை.

குழந்தை அழவில்லை. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள், மூன்றாம் நாள் இறந்தது. மாரிசெல்வி மேலநீலிதநல்லூரில் தாய்வீட்டில் இருக்கிறாள். அவள் கணவன் தறிக்குத் திரும்பிவிட்டான். மாமியார் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். உங்கள் விசாரணை முடியும்வரை என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சாஜிதா புளியங்குடிக்குப் போய்விட்டாள். போகுமுன் ஒன்று கேட்டாள்.

"பொறக்க விட்டுட்டு, பன்னெண்டு நாலுன்னு எழுதியிருக்கலாம்லாக்கா?"

பொய்யான நேரத்தை எழுதுவதா? இருபத்திரண்டு வருடத்தில் என் பதிவேட்டில் ஒரு தவறு கிடையாது, ஐயா.