கூர் ஏத்தாத அரம்

ஐயோ, அதை உள்ள வைங்கண்ணே. அந்த முரட்டு அரத்தைத்தான் போன வாரம் என் தலையில கட்டினீங்க. நாலு இழுப்புல கூர் ஏறிடும்னு பெருமை வேற. ஏறிடுச்சே! அதான் வந்து நிக்கிறேன்.

கோளாறு ஒண்ணும் இல்ல, நல்ல அரம்தான். எனக்குத்தான் நல்லது வேணாம். ஆமா, வெட்டுக்கத்திக்குத்தான். ரோட்டோரப் புதர் வெட்டுறது, முழங்கை நீளம் இருக்கும். எங்க வீட்டுக்காரரோடது.

சாணை மெஷினா? உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தப் பேச்சையே எடுக்காதீங்க. அந்தக் கல்லைக் காட்டுங்க. ம்ஹும், இது தண்ணி பட்டா நல்லாவே வேலை செய்யும் போலிருக்கே. தேய்ச்சு முடிச்சு கத்தி வாயை நகத்துல வச்சா வழுக்கணும்ண்ணே. நகத்தைக் கடிச்சா கூர் ஏறிடுச்சுன்னு அர்த்தம், போச்சு.

சிரிங்க, சிரிங்க. கூர் ஏத்தாத அரம் கேட்டு வந்த மொத பைத்தியம் நானாத்தான் இருப்பேன். அந்த டப்பாவுல என்ன, பல்லு மழுங்கின அரமா? அதைக் குடுங்க. கழிச்சுப் போட்டதா இருந்தா என்ன, எனக்கு அதுதான் வேணும்.

அவருக்கு நினைவு தப்பிப்போச்சுண்ணே. சில நேரம் என்னையே யாருங்கிறார். கைக்கு மட்டும் எதுவும் மறக்கல. காலைல வாசப்படியில உக்காந்து, கத்திய மடியில வச்சுத் தேய்க்க ஆரம்பிச்சா மனுசன் முகத்துல அப்படியொரு நிம்மதி. பாட்டு வேற முணுமுணுப்பார். அந்த நேரம் பழைய ஆளு மாதிரியே இருப்பார், எனக்கு அது போதும். ஒருநாள் கத்திய ஒளிச்சு வச்சேன், வீட்டையே புரட்டிப் போட்டுட்டார்.

கூர் ஏறிடுச்சுன்னாதான் வினை. நகத்துல வச்சுப் பார்த்துட்டு எந்திரிச்சிடுவார். பையனைக் கூப்பிடு, வேலைக்கு நேரமாச்சுங்கிறார். அப்பனும் மகனும் சேர்ந்துதான் போவாங்க. அவன் முன்னாடியே போயிட்டான்னு சொன்னா, இவர் கத்தியோட ரோட்டுல இறங்கிடுறார். லாரி அவனை அடிச்சுப் போட்ட அதே ரோடு.

அப்புறம் உள்ளதைச் சொல்லித்தானே ஆகணும். அவன் செத்துப்போயிட்டான், நாமதான் அடக்கம் பண்ணினோம்னு. அவருக்கு அது அப்பதான் வந்த சேதி. நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, ஏன்டி எங்கிட்ட சொல்லலன்னு கத்துவார். இந்த வாரம் பூரா தினமும் சொன்னேன். இன்னைக்கும் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்.

பெத்தது ஒண்ணே ஒண்ணு. அதை நான் எத்தனை தடவைண்ணே சாகக் குடுக்கிறது?