கரிசலில் புதைந்த கமிட்டி

கோவில்பட்டியிலிருந்து நாகலாபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு ஜவுளிக்கடை பாயும், நாகலாபுரத்துப் புதுக் கல்லூரியின் கிளார்க்கும் உட்கார்ந்திருந்தார்கள். அடைமழை விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"காலேஜைச் சோதிக்க யுனிவர்சிட்டி கமிட்டி வந்துச்சா, அண்ணாச்சி?"

"வந்தாவ பாய். காலேஜுக்குத்தான் வரல."

இதைக் கேட்ட பிறகு எனக்கு எங்கே தூக்கம் வரும்?

"அதெப்படி?" என்றார் பாய்.

"ஒரு மைல் முன்னாலயே கார் கரிசல்ல புதைஞ்சிட்டு. பிரின்சிபால், வாத்தியாருங்க, பயலுவ எல்லாரும் ஓடிப்போய்த் தள்ளினோம். கார் மேடேறுனதும், கமிட்டிக்காரவ பூட்ஸுல அப்பின சேத்தைப் பாத்துட்டு அங்கனயே காரைத் திருப்பிட்டாவ."

"அப்ப ரிப்போர்ட்டு?"

"பிரமாதம். ஆசிரியரும் மாணவரும் ஒற்றுமையாக உழைக்கிறார்கள்னு எழுதியிருக்காவ. கெமிஸ்ட்ரி லேபும் திருப்தியாம்."

"லேபு எங்கன இருக்கு?"

"இனிமேத்தான் கட்டணும்."



"எம் மவனும் அந்தக் காரைத் தள்ளினான், அண்ணாச்சி. ரெண்டு வருசமா லேபையே கண்ணால பாக்காம கெமிஸ்ட்ரி படிக்கான். இல்லாத லேபுக்கே பாஸ் போட்டவிய, இவனுக்கும் சேத்துப் போட்டுட்டுப் போயிருக்கலாம்லா?"