காளையின் காதுக்கு வந்த போன்

கேளு சரசு, குழாயில தண்ணி வர்றதுக்குள்ள சொல்லிர்றேன். வெத்தலை வாங்கிட்டுச் சோழவந்தான்ல இருந்து வாரேன். அந்த பஸ்ஸு இருக்கே, ஏறி இறங்குறதுக்குள்ள இடுப்பு போயிரும். முன் சீட்டுல ஒருத்தி, "அந்தக் காளையை வித்தாத்தான் எனக்கு நிம்மதி"ங்கிறா. அப்புறம் எனக்குத் தூக்கம் வருமா? ஜெயில்ல கெடக்குற புருஷனைப் பாத்துட்டு வாரா. கூட அவன் தங்கச்சி.

"கம்பிக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டும் மாட்டைத்தான் விசாரிக்குது உங்கண்ணன். போன் பேச விட்டாலும், 'காளை காதுல வையி'ங்குது. ஒரு நா என்னைய, சாப்புட்டியான்னு கேட்டுச்சா?"

"வாயில்லா சீவன் மேல போயிப் பொறாமைப்படுறீகளே மதினி!"

"படுவேன். பருத்திக்கொட்டை ஆட்டி ஊத்துறது நானு, கொஞ்சல் மட்டும் அதுக்கா? போன வாரம், காளை காதுல வச்சுட்டேன்னு சொல்லிட்டு, போனை என் காதுலயே வச்சுக்கிட்டேன்."

"ஆத்தி! அண்ணன் கண்டுபிடிக்கலயா?"

"புஸ்ஸு புஸ்ஸுன்னு மாடு மாதிரி மூச்சு விட்டேன்ல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது. முந்தானையை வாயில அமுக்கிக்கிட்டேன்.

"என்ன சொல்லுச்சு?"

"'தங்கம், அவளை முட்டிறாதடா. அவ இல்லைன்னா நம்ம ரெண்டு பேருக்கும் நாதியில்ல'ன்னு அழுகுது."

"அப்புறமென்ன மதினி? உங்க மேல உசுருதான!"

"அதை எங்கிட்டச் சொல்லாம மாட்டுக்கிட்டச் சொல்லுது பாரு! அதுக்காகவே விக்கணும் அதை!"

அவ மூஞ்சியைப் பாத்தா அம்புட்டுச் சந்தோசம், கண்ணுல பொலபொலன்னு தண்ணி... அடியே, குழாயில தண்ணி வந்துருச்சு, குடத்தை எடு!