பதில் ஸலாம்

கல்முனையில் பஸ் புறப்படக் காத்திருந்தது. முன் ஸீட்டில், கோமாரிப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக மாறிப்போன இளம் வாத்தியார் தன் கூட்டாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வீட்டில நான் தனிய மச்சான். ஸலாம் சொல்லிட்டுத்தான் உள்ளுக்குப் போவன். பதிலையும் நானே சொல்லுவன். இல்லாட்டி அழுக வரும்."

"பைத்தியமாடா உனக்கு?"

"கேளு. போன கிழமை நான் ஸலாம் சொல்றன், குசினிக்குள்ள இருந்து பதில் வருது. ஒரே ஓட்டமா றோட்டுக்கு வந்திட்டன்."

"ஜின்னோ?"

"உம்மாடா. சொல்லாமக் கொள்ளாம வந்து, பக்கத்து வீட்டில திறப்ப வாங்கித் திறந்து, மீன் கறி ஆக்கிட்டு இரிக்கா. 'ஸலாம் சொல்லிட்டு எங்கடா ஓடுறாய்' எண்டு அகப்பையோட பின்னால வாறா."

கூட்டாளிக்குச் சிரிப்பில் புரையேறியது.

"இப்பயும் நீதான் பதில் சொல்றாயா?"

"ஓம். ஆனா உடனே சொல்றல்ல. கொஞ்சம் பொறுத்துப் பாத்திட்டுத்தான்."