'வேண்டாம்' கோப்புறையிலிருந்து வந்த முதலிடம்

உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, நான் வாய் திறப்பதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட அவைத்தலைவர், எங்கள் தலைமை ஆசிரியை அம்மா அவர்களே! கையில் ஒரே ஓர் இடத்தையும் முகத்தில் ஓராயிரம் புன்னகையையும் ஏந்தி வந்திருக்கும் கல்லூரியின் டிஜிட்டல் வடிவமைப்புத் துறைத் தலைவர் ஐயா அவர்களே! பெஞ்சின் மேல் ஏற்றி ஏற்றியே என்னை உயரவைத்த ஆசிரியப் பெருமக்களே! பிள்ளைகளின் மதிப்பெண்ணை வாங்கிப் பார்த்து மௌனமாகிப்போன பெரியோர்களே! பிறகும் எங்களுக்குச் சோறு போட்ட தாய்மார்களே! கடைசி வரிசையில் கால் நீட்டியிருக்கும் என் கூட்டாளிகளே! உங்கள் வாலு, இன்று ஒரு நாள் மட்டும் வாலைச் சுருட்டிக்கொண்டு, உங்களை வணங்குகிறேன்.

கைதட்டாதீர்கள். இருங்கள். பின்னால் வருத்தப்படுவீர்கள்.

எந்தப் படிப்பைத் தேர்வது என்று ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். கணக்குப் பார்த்து, காரணம் கேட்டு, கணினிக்குக் கட்டளை எழுதும் நிரலாக்கமா? வண்ணம் தேர்ந்து, வரிகள் தேர்ந்து, வழவழப்பாய்த் திரையை வார்த்தெடுக்கும் வடிவமைப்பா? மூளைக்குள் முளைப்பதா, கண்ணுக்குள் களிப்பதா? இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவன் யார்? இந்தப் பள்ளி பரிந்துரைக்கும் ஒரே வடிவமைப்பு இடம் எனக்குத்தானே கிடைத்திருக்கிறது! கடிதம் இதோ, கையில். படங்கள் இதோ, பின்னால், இருபதடிச் சுவரில்.

என் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். எனக்கு ஏழு நிமிடம் கழித்துப் பிறந்தவள். பெயர் எதற்கு? புள்ளி என்றால் எல்லோருக்கும் தெரியும். திரையில் ஒரு பொத்தானை ஒரு புள்ளி இடதுபக்கம் நகர்த்துவாள். எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாள். வந்து ஒரு புள்ளி வலதுபக்கம் நகர்த்துவாள். வீட்டில் கணினி ஒன்றுதான். "எந்திரிடி, என் முறை" என்றால், "இருடா, இன்னும் ஒரே ஒரு புள்ளி" என்பாள். அந்த ஒரு புள்ளிக்குள் இரண்டு மணி நேரம் இருக்கும்.

போன ஆண்டு நம் நூலகத்துக்கு, யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்று காட்டும் செயலி ஒன்றை நாங்கள் இருவரும் செய்தோம். திரை அவளுடையது. திரைக்குப் பின்னால் ஓடும் நிரல் என்னுடையது. நாலாயிரத்துச் சொச்சம் வரிகள், அம்மா! நூலகர் வந்து பார்த்தார்.

"அடடா, என்னா அழகு! யாரு பண்ணது?"

"தங்கச்சி, சார். கோடிங் நான்."

"எங்க, காட்டு?"

"அது தெரியாது, சார். உள்ள ஓடுது."

"தெரியாததப் போயி எதுக்குப்பா பண்ண?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்றும் இப்படித்தான் எல்லோரும் சிரித்தார்கள். என் வயிறு எரிந்தது. சாதாரணமாகவா எரிந்தது? சமையலறை அடுப்பை அணைத்துவிட்டு என்மேல் தோசைக்கல்லை வைத்திருக்கலாம்! அவள் ஒரு பொத்தானுக்குப் பச்சை பூசினால் பாராட்டு. அந்தப் பொத்தானை அழுத்தினால் வேலை நடக்கச் செய்தவனுக்கு? "தள்ளி நில்லுப்பா, படம் எடுக்கணும்!"

அப்போதுதான் இந்தப் போட்டி வந்தது. பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும் போட்டுப் பத்துப் படங்கள் கொடுக்க வேண்டும், முதலில் வருபவருக்கு அந்த ஒரே இடம். நானும் போட்டியில் சேர்ந்தேன். வடிவமைப்பின் மேல் ஆசையா? இல்லை, ஐயா. அவளுக்குக் கிடைக்கப்போகிறதே என்ற ஆத்திரம்!

வரைந்தேன். பத்து நாள் வரைந்தேன். என் குதிரையைப் பார்த்து அப்பா, "மேசை நல்லாருக்குடா" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் குளிக்கப் போயிருந்தாள். கணினியில் அவளுடைய கோப்புறை ஒன்று, 'வேண்டாம்' என்று பெயர். அவள் பார்த்துப் பார்த்து, பிடிக்காமல் தூக்கிப்போட்ட படங்கள். திறந்தேன். அதில் பத்தை எடுத்தேன். என் எண்ணைப் போட்டேன். கொடுத்துவிட்டேன்.

ஏன் இவ்வளவு அமைதி? மின்விசிறிச் சத்தம் கேட்கிறதே! அம்மா, தயவுசெய்து மணியை அடித்துவிடாதீர்கள், இன்னும் இரண்டு நிமிடம். ஆமாம், கடைசி வரிசை, சரியாகத்தான் காதில் விழுந்தது. சுவரில் தெரிகிற பத்தும் என்னுடையவை அல்ல.

தன் நல்ல படங்களைக் கொடுத்த புள்ளி இரண்டாமிடம். அவள் கழித்துப்போட்டதைக் கொடுத்த நான் முதலிடம். இரண்டும் ஒரே கை போல இருக்கிறதே என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லையா? வந்தது. எண்களைப் பிரித்துப் பெயர்களைப் பார்த்ததும் ஓவிய ஆசிரியர், "இரட்டைப் பிள்ளைங்க இல்லையா, கைவாகும் ஒண்ணாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். சார், எங்களுக்குப் பிறந்தநாள் மட்டும்தான் ஒன்று.

சற்று முன் துறைத் தலைவர் ஐயா அந்த மூன்றாவது படத்தைக் காட்டி, "இந்த மாணவனின் கண்ணில் ஓர் ஒளி இருக்கிறது" என்றார். நீங்கள் தட்டினீர்கள். என் பெயருக்கு விழுந்த அந்தக் கைதட்டலைக் கேட்டு எனக்கு என்ன வந்தது தெரியுமா? மகிழ்ச்சியா? வெட்கமா? மறுபடியும் பொறாமை! என் பெயரைச் சொல்லி அவளைப் புகழ்கிறார்களே என்ற பொறாமை! இடத்தைத் திருடலாம், எண்ணைத் திருடலாம், இந்தக் கடிதத்தைக்கூடத் திருடலாம். அந்தக் கண்ணை எங்கே போய்த் திருடுவேன்?

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் முதல் படம் வந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அரைமணி நேரமாக என்னைப் பார்க்கிறாள்.

அம்மா, இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதுங்கள். தண்டனையைப் பேச்சு முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

என்ன, புள்ளி? மைக் வேண்டுமா? வேண்டாமா? சரி, அங்கிருந்தே கத்து.

கேட்டதா? பின்னால் இருப்பவர்களுக்காக நான் சொல்கிறேன். "டேய், திருடினதுதான் திருடின, அந்த மூணாவது படத்தையா எடுப்ப? தலைப்பு கோணலா இருக்குன்னுதானே தூக்கிப்போட்டேன்? அதப் போயி இருபதடிக்கு மாட்டிவச்சிருக்கீங்களே! யாராவது மொதல்ல அத நிறுத்துங்க!"

பார்த்தீர்களா, தாய்மார்களே? இடம் போனதற்கு அவள் அழவில்லை. தலைப்பு கோணலாக நிற்கிறதே என்று அழுகிறாள்! எனக்கு இந்த அரைமணி நேரமும் அது கோணல் என்றே தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. ஒவ்வொரு படம் மாறும்போதும் இந்தத் திரை இரண்டு நொடி திணறுகிறதே, எவன் எழுதிய நிரல் இது, என் கையில் கொடுத்தால் சரிசெய்துவிடுவேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

தோழர்களே, தோழிகளே! எந்தப் படிப்பு என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். எதைச் செய்தால் கைதட்டுவார்கள் என்று பார்க்காதீர்கள். எது தப்பாக இருந்தால் உங்களால் உட்கார முடியவில்லை என்று பாருங்கள். கோணல் உறுத்துகிறதா? வரையப் போங்கள். திணறல் உறுத்துகிறதா? என்னோடு வாருங்கள். நிரலாக்கத்துக்கு எல்லோரும் எழுதும் நுழைவுத் தேர்வு இருக்கிறது, வரிசையில் நின்று எழுதப்போகிறேன்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. அவளைப் போல் ஒரு கோணலுக்காக ஊர் நடுவில் எழுந்து நின்று கத்த எனக்கு எப்போது வரும் என்று இந்த நிமிடமும் எரிகிறது.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், மணி அடிக்காத அம்மாவுக்கும், மூன்றாவது வரிசையில் இன்னும் முறைத்துக்கொண்டிருப்பவளுக்கும் என் நன்றி. உங்கள் எல்லோருக்கும் நிமிர்ந்து நின்று ஒரு வணக்கம். அவளுக்கு மட்டும் குனிந்து.