உப்புப் பாட்டில்

முதலில் டீயைக் குடியுங்கள் சார், ஆறிவிடப் போகிறது. சர்க்கரை தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் போட்டது.

ஆய்வகத்து அலமாரியைக் காலி செய்தபோது, உப்புக் கரைசல் பாட்டிலில் வெறும் தண்ணீர் இருந்ததாகச் சொன்னீர்கள். ஆமாம், நான்தான் மாற்றி வைத்தேன். கரைசல் கலந்து வைப்பது என் வேலை. என் கையெழுத்தில் லேபிள் இருந்தால் என் வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் நம்புவார்.

அவருடைய கிருமிகளை உங்களுக்குத் தெரியும். குப்பைமேட்டு மண்ணிலிருந்து எடுத்து வளர்த்தவை. மீத்தேனைக் கொடுத்தால் மெத்தனால் ஆக்கும். ஆக்கிய கையோடு அதையும் தின்று தீர்த்துவிடும். சமைக்கும்போதே சட்டியைக் காலி செய்கிற ஜாதி. உப்பைச் சேர்த்தால்தான் வாயைக் கட்டும், மெத்தனால் மிஞ்சும். முதல் முறை மிஞ்சியபோது அவர் துள்ளிக் குதித்தார். இரண்டு காலிலும் வேறுவேறு நிறச் சாக்ஸ்.

என்னை ஒருநாளும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. காலையில் வந்ததும் குடுவைகளைப் பார்த்து, "சாப்டீங்களாடா செல்லங்களா?" என்பார். எனக்குப் பொறாமையெல்லாம் இல்லை. ஆனால் சோதனை ஜெயித்தால் கடல் தாண்டித் தொழிற்சாலை அமைக்க வருடக்கணக்கில் அனுப்புவதாகச் சொன்னீர்களே, அதுவும் அவரை மட்டும். சாக்ஸுக்கு ஜோடி தேடத் தெரியாத மனிதர் அங்கே எப்படிப் பிழைப்பார்?

அதன் பிறகு மெத்தனால் மிஞ்சவே இல்லை.

"உப்பு போட்டேனே... போட்டேன்ல?" என்று என்னைத்தான் கேட்டார்.

"அவசரத்துல விட்டிருப்பீங்க. நேத்து சாவியையும் கதவுலயே விட்டுட்டுத்தானே வந்தீங்க?" என்றேன்.

சாவியைச் சட்டைப்பையில்தான் வைத்திருந்தார். எடுத்துக் கதவில் மாட்டியது நான். ஒரு பாட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரை நம்பவைக்க முடியாது, பாருங்கள்.

கடைசியில் உங்கள் முன்னால் வந்து நின்று, "எனக்கு மூளை வேலை செய்யலை சார், தப்பு என்னோடதுதான்" என்று சொல்லி வேலையை விட்டார். எனக்கும் கண் கலங்கியது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கையை விடவில்லை. கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை.

இப்போது எதையும் என்னைக் கேட்காமல் செய்வதில்லை. குளித்தேனா என்று கேட்கிறார், கதவைப் பூட்டினேனா என்று கேட்கிறார். நீ சாப்பிட்டாயா என்றுகூட என்னைக் கேட்கிறார். அவரிடம் நீங்கள் எதையும் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார். என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? அவரைக் கவனித்துக்கொள்ளத்தானே இவ்வளவும். வேண்டியது கிடைத்துவிட்டது. இனி அவரிடம் ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை.

என்ன சார், டீயை வைத்துவிட்டீர்கள்? ரொம்ப இனிக்கிறதா? நீங்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து, "சர்க்கரை போட்டேனாம்மா?" என்று கேட்டார். போட்டதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"இன்னும் போடலைங்க" என்றேன்.