தையல் பிரிக்காத மூட்டை

— வண்டியிலயே இருக்கேன்னு சொல்லாத தம்பி. ரெண்டு பெட்டியை நான் ஒருத்தியா மூணு மாடி தூக்க முடியுமா?

— தூக்கறது பெரிசில்ல அண்ணி. வாசல்ல வச்சுட்டு வந்துடலாம், அந்தப் பெயிண்டரே எடுத்துப்பாரு. நேர்ல போய் நிக்கணுமா என்ன? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையாயிடும்.

— ஓணான் அவரில்ல, நான்தான். உணவு வங்கி வாசல்ல நாப்பது பேர் வரிசையில நிக்கறப்ப, "குடுக்கறதோட அருமை தெரியாதவங்களுக்கு இங்க இடமில்ல"ன்னு கத்தி, சிவப்பு பேனாவால பேரை அடிச்சவ நான். வாசல்ல பெட்டி வச்சா அது சரியாயிடுமா?

— நீங்க கண்ணால பாத்ததைத்தானே சொன்னீங்க.

— என்னத்தைப் பாத்தேன்? இந்த வீட்டுக்குப் பின்னாடி குப்பைத்தொட்டி. மூடியைத் திறந்து வச்சுக்கிட்டு, கையில உருளைக்கிழங்குப் பையோட பெயிண்டர் நிக்கறாரு. ஆஹா, நாம தோட்டம் தோட்டமா அலைஞ்சு, விக்காத கிழங்கைக் கெஞ்சிக் கேட்டுக் கொண்டு வந்தா, இவர் தொட்டியில கொட்டறாரான்னு ரத்தம் கொதிச்சுது. அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் அந்தக் கோவத்தை ஆற விடாம வச்சிருந்தேன் பாரு, அதை நினைச்சாத்தான் அசிங்கமா இருக்கு.

— மூணு வாரமாச்சு. அவரே மறந்திருப்பாரு.

— நான் மறக்கலையே. நேத்து லாண்டரிக்கார அம்மா சொல்றாங்க, இந்த வீட்டுல எந்த ரூம்லயும் அடுப்பு கிடையாதாம், வீட்டுக்காரர் விடமாட்டாராம். அடுப்பில்லாத மனுஷன் கையில வாரா வாரம் பச்சைக் கிழங்கைத் திணிச்சிருக்கோம். அவர் கொட்டாம என்ன பண்ணுவாரு?

— அதான் கேரட்டும் ஆப்பிளும் எடுத்துட்டு வந்திருக்கோமே, அப்படியே கடிச்சுத் திங்கலாம். சொன்னா கேளுங்க அண்ணி, நீங்க மட்டும் போயிட்டு வாங்க. வண்டியை இங்க நிறுத்தக்கூடாதுன்னு போர்டு வேற இருக்கு.

— நீ வண்டி ஓட்டற எட்டு மாசத்துல என்னைக்கு போர்டைப் படிச்சிருக்க? தூக்கு.

— சரி, தூக்கறேன். கத்தாதீங்க.

— பதினேழாம் நம்பர் ரூம், இதுதான். ஐயா, உள்ள இருக்கீங்களா? உணவு வங்கிலேர்ந்து வந்திருக்கோம்.

— யாரு? அட, லிஸ்ட்டு அம்மாவா. வாங்க வாங்க. தம்பியும் வந்திருக்காரா. ஸ்டூல்ல உக்காருங்கம்மா, பாத்து, ஒரு கால் ஆடும்.

— ஐயா, பெட்டியை எங்க வைக்கட்டும்?

— கட்டில் மேல வைங்க தம்பி. வேற இடம் ஏது, இந்த ரூம்ல காத்தே ஒதுங்கித்தான் வரணும். இதெல்லாம் எதுக்கும்மா? என் பேர்தான் இல்லையே.

— அதுக்குத்தான் வந்தேன். நான் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும் ஐயா. இங்க அடுப்பு இல்லைன்னு எனக்குத் தெரியாது. வேக வைக்க வழியில்லாமதான் கிழங்கைக் கொட்டினீங்கன்னு இப்பத்தான் புரிஞ்சுது.

— இருக்கட்டும்மா, இருக்கட்டும். அடுப்பு இல்லதான். ஆனா கிழங்கு வேகும். அதோ கெட்டில் இருக்கு பாருங்க. பொடிசா நறுக்கி உள்ள போட்டு, நாலு தடவை கொதிக்க விட்டா பஞ்சா வெந்துடும். வீட்டுக்காரருக்கு மூக்கு நீளம், அதனால ஜன்னலைத் திறந்து வச்சுப்பேன்.

— அப்ப எதுக்குக் கொட்டினீங்க?

— நான் கொட்டலம்மா.

— நான் பாத்தேனே ஐயா.

— பாத்தீங்க. தொட்டிகிட்ட நின்னேன், கையில பை இருந்துது, எல்லாம் நிஜம். நான் எடுத்துக்கிட்டு இருந்தேன்.

— எடுத்துக்கிட்டா?

— நீங்க பாத்ததுக்கு முந்தின நாள், நீங்க காய் குடுக்கற வியாழக்கிழமை, எனக்கு ஒரு சுவர் வேலை கிடைச்சுது. மாசக்கணக்குல சும்மா இருந்த பிரஷ். ரெண்டாவது கோட்டு அடிச்சு முடிச்சுட்டு ஓடி வந்தா, நீங்க கதவைச் சாத்திட்டுப் போயிட்டீங்க. மறுநாள் காலையில தொட்டியைத் திறந்தா மூட்டை கிடக்கு. தையல்கூடப் பிரிக்கல. அழுகலும் இல்ல, முளைக்கவும் இல்ல. வண்டி வண்டியா யார் யாரோ வந்து குப்பை கொட்டற தொட்டிதான், ஆனா நல்ல கிழங்கும்மா. கத்தியால ஓரத்தைக் கீறி, கொஞ்சம் எடுத்தேன்.

— அந்த வாரம் நீங்க வாங்கவே இல்லையா? அப்ப உங்க பேருக்கு நேரா டிக் இருந்திருக்காது. கடவுளே, லிஸ்ட்டு என் கையிலதான் இருந்துது. ஒரு தடவை பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பேரை அடிக்கறதுக்கு மட்டும்தான் அதைப் பாத்தேன். ஏன் ஐயா அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லல? நான் அவ்ளோ கத்தினேனே.

— என்னன்னு சொல்றது? குப்பையில போட்டவன்னு நீங்க சொன்னீங்க. இல்லம்மா, நான் பொறுக்கினவன்னு அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது? போட்டவன்ங்கறதே கௌரவமா இருந்துது. தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்துட்டேன்.

— இந்த வியாழக்கிழமை வாங்க. அதே வரிசைக்கு முன்னாடி நின்னு, தப்பு என்னோடதுன்னு நானே சொல்றேன்.

— வேண்டாம்மா. அப்ப நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேங்கறதையும் சேத்துச் சொல்லணுமே. பேரை எழுதிக்கோங்க, அது போதும். நான் எப்ப வர்றதுன்னு பாக்கறேன். இப்போதைக்கு அந்தத் தெருப்பக்கம் போனாலே காது சுடுது.

— அந்த மூட்டையை யாரு போட்டாங்க ஐயா? முழு மூட்டையை நாங்க யாருக்குமே குடுக்கறதில்ல. ஆளுக்கு ரெண்டு கிலோதான்.

— அது எனக்கு எதுக்கும்மா? தம்பி, உங்களுக்கு வேர்க்குது பாருங்க. கதவுகிட்ட நில்லுங்க, அங்க காத்து வரும்.

— இல்ல ஐயா, பரவால்ல. அண்ணி, கிளம்பலாமா?

— வர்றோம் ஐயா. பேரை இன்னைக்கே எழுதிடறேன்.

— பாத்து இறங்குங்கம்மா. ரெண்டாவது மாடியில பல்பு போயிடுச்சு.

— கேட்டியா தம்பி? மெதுவா இறங்கு, இருட்டா இருக்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு ஆயிடுச்சு. எவனோ மூட்டையை வீசிட்டுப் போயிருக்கான், நான் அதைப் பொறுக்கித் தின்ன மனுஷனைப் பிடிச்சு அறைஞ்சிருக்கேன். கையால அறைஞ்சிருந்தாக்கூட இவ்ளோ வலிச்சிருக்காது. ஏன் நின்னுட்ட?

— அண்ணி.

— என்ன?

— அந்த எவனோ நான்தான்.

— என்ன உளர்ற?

— அன்னைக்கு ஒரு மூட்டை மிச்சமாயிடுச்சு. மிச்சத்தைத் திரும்பக் கிடங்குல சேர்க்கணும்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. கிடங்கு ஊருக்கு அந்தக் கோடி. போய், இறக்கி, எடை போட்டு, சீட்டு எழுதி. மழை வேற தூறிச்சு. ஒரு மூட்டைதானேன்னு இந்த வீட்டுக்குப் பின்னாடி இருக்கற தொட்டியில போட்டுட்டேன். சோம்பேறித்தனம் அண்ணி. நல்லதா ஒரு காரணம் சொல்லலாம்னு மூணு வாரமா தேடறேன், கிடைக்கல.

— நான் அவரைத் திட்டினப்ப நீ எங்க இருந்த?

— உங்க பக்கத்துலதான். முட்டைக்கோஸ் குடுத்துக்கிட்டிருந்தேன்.

— வாயைத் திறக்கல.

— திறக்கல. முதல்ல வண்டிச் சாவியைப் பிடுங்கிடுவீங்கன்னு பயம். அப்புறம் நாள் ஆக ஆக, போட்டதைவிட சொல்லாம இருந்தது பெரிய தப்பாயிடுச்சு.

— இப்ப மேல போ. நான் இங்கயே நிக்கறேன். போய் அந்த மனுஷன்கிட்ட உன் வாயால சொல்லு. யாரு போட்டாங்கன்னாவது அவருக்குத் தெரியட்டும்.

— தெரியும் அண்ணி. நான் போடும்போது அவர் ஏணியைத் தோள்ல வச்சுக்கிட்டு பக்கத்துலதான் நின்னாரு. "எனக்கு ரெண்டு கிழங்கு கிடைக்குமா தம்பி"ன்னு கேட்டாரு. அடுத்த வியாழக்கிழமை வரிசையில வந்து வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டு, மூடியைச் சாத்தினேன்.